உலோகத்தில் மலர்ந்த கிழக்கு: ஐரோப்பியக் கைப்பணியில் ஜப்பானியச் செல்வாக்கு

ஜப்பானிய வாளின் கைபிடிக்கும் அலகுக்கும் இடையே ஒரு சிறு உலோகத் தட்டு இருக்கும். வாள் பிடித்த கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. ஜப்பானியர் அதனை 'ட்சுபா' என்பர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அளவுதான். ஆனால் அந்தச் சிறு வட்டத்துக்குள் மழையில் தலைசாயும் நாணற்புல், அலைக்கு மேலே பறக்கும் கொக்கு, பாதியை மேகம் மறைத்த நிலா என ஒவ்வோர் உலகையே செதுக்கி வைத்தார்கள் அந்நாட்டுக் கைவினைஞர்கள்.

போர்க்கருவியின் ஓர் உறுப்பாக வளர்ந்த இந்தக் கலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து சென்றது. அது ஐரோப்பியரின் தேநீர் மேசைக்கும், பெண்கள் உடையில் குத்தும் புரோச்சுக்கும், பூங்காவின் இரும்பு வேலிக்கும் புது வடிவம் தந்தது. ஒரு நாட்டவரின் கலையைக் கண்டு இன்னொரு நாட்டவர் வியப்பது உலகில் எப்போதும் நடப்பதுதான். வியந்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியமானது. ஐரோப்பியர் ஜப்பானிய உலோகக் கலையிலிருந்து மூன்று வகையாகப் பெற்றுக்கொண்டனர். பலர் அதன் படங்களை எடுத்தனர். சிலர் அதன் வேலை நுட்பத்தைக் கற்றனர். மிகச் சிலரே அதன் பின்னால் இருந்த சிந்தனையை உணர்ந்தனர். இம்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீட்டாத நிறங்கள்

முதலில் ஜப்பானிய உலோக வேலையில் அப்படி என்ன புதுமை இருந்தது என்று பார்ப்போம்.

ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் உலோகத்தை நிறுத்து மதிப்பிட்டுப் பழகியவர்கள். தங்கம் உயர்ந்தது, அடுத்தது வெள்ளி, செம்பு சமையலறைக்கு உரியது என்பது அவர்களது கணக்கு. ஜப்பானியக் கைவினைஞரோ உலோகத்தை ஓவியர் நிறத்தைப் பார்ப்பது போலப் பார்த்தனர். எந்த இடத்துக்கு எந்த நிறம் வேண்டும் என்பதே அவர்களது முதற் கேள்வி.

'ஷகுடோ' என்ற கலப்புலோகம் இதற்கு நல்ல உதாரணம். செம்போடு மிகச் சிறிதளவு தங்கத்தை, பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை, சேர்த்து உருக்குவார்கள். உருக்கி எடுத்ததும் பார்த்தால் அது வெறும் செம்பாகவே தோன்றும். அதனை நன்றாக மெருகேற்றி, அரைத்த முள்ளங்கியை அதன்மேல் பூசி, செப்புச் சேர்வைகள் கரைந்த 'ரொகுஷோ' என்னும் கரைசலில் இட்டுக் கொதிக்க வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது அதன் மேற்பரப்பு காகத்தின் இறகு போல நீலம் கலந்த கருமையாக மாறியிருக்கும். மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய செப்பு ஒட்சைட்டுப் படலமும் அதற்குள் இருக்கும் நுண்ணிய தங்கத் துணிக்கைகளும் சேர்ந்தே இந்த நிறத்தைத் தருகின்றன என்று விஞ்ஞானம் படிக்கும் மாணவியர் விளங்கிக்கொள்ளலாம். இங்கே தங்கம் தன்னைக் காட்டிக்கொள்வதற்காகச் சேர்க்கப்படவில்லை. செம்பைக் கருமையாக்குவதற்காகவே சேர்க்கப்பட்டது. தங்கத்தைப் பளபளக்கச் செய்து மட்டுமே பழகிய ஐரோப்பியருக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருந்திருக்கும்.

'ஷிபுஇச்சி' என்பது இன்னொரு கலப்புலோகம். இச்சொல்லுக்கு 'நான்கில் ஒன்று' என்று பொருள். செம்போடு ஏறத்தாழக் கால்பங்கு வெள்ளி சேர்வதால் இப்பெயர் வந்தது. அதே கரைசலில் இட்டால் இது அதிகாலை மூடுபனி போன்ற சாம்பல் நிறம் பெறும். கருமைக்கு ஷகுடோ, சாம்பலுக்கு ஷிபுஇச்சி, மஞ்சளுக்குத் தங்கம், வெண்மைக்கு வெள்ளி, சிவப்புக்குச் செம்பு என ஒரு துளி வர்ணமும் தீட்டாமல் ஒரு முழு ஓவியம் உருவாகிவிடும்.

ஓர் உலோகத்தில் குழி வெட்டி, வேறு உலோகத்தை அதில் அடித்து இறக்கிப் பதிக்கும் வேலை ஐரோப்பாவுக்குப் புதிதன்று. சிரியாவின் டமஸ்கஸ் நகரப் பெயரைக் கொண்டே அவர்கள் அதனை அழைத்தனர். முஸ்லிம் நாடுகளின் கைவினைஞர்கள் உருக்கிலும் பித்தளையிலும் பொன்னும் வெள்ளியும் பதித்த பொருட்கள் அவர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தன. ஆனால் பதிக்கும் உலோகத்துக்கும் பதிக்கப்படும் உலோகத்துக்கும் இத்தனை நிறங்கள் இருக்கக்கூடும் என்பதை ஜப்பானே அவர்களுக்குக் காட்டியது.

இவற்றோடு 'மொகுமே கானே' என்ற முறையும் உண்டு. பல நிற உலோகத் தகடுகளை அடுக்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக இணைத்து, பின்னர் ஆங்காங்கே குடைந்து தட்டித் தட்டையாக்குவார்கள். அடுக்குகள் வெளியே தெரிந்து மரப்பலகையின் ரேகை போலக் காட்சி தரும். 'மரக்கண் உலோகம்' என்பதே இப்பெயரின் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அகிடாவில் வாழ்ந்த ஷோவாமி டென்பெய் என்பவர் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

கதவு திறந்த காலம்

இத்தகைய கலை இருப்பதை ஐரோப்பியப் பொதுமக்கள் நெடுங்காலம் அறியவில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஜப்பான் வெளியுலகத் தொடர்பை மிகவும் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டும், நாகசாக்கித் துறைமுகத்தில் டெஜிமா என்ற ஒரு சிறு செயற்கைத் தீவில் இருந்துகொண்டு வர்த்தகம் செய்ய அனுமதி இருந்தது.

1853ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் கொமடோர் பெரி போர்க்கப்பல்களுடன் வந்து நின்றார். அடுத்த ஆண்டு உடன்படிக்கை கைச்சாத்தானது. 1858இல் பிரித்தானியா, பிரான்ஸ் முதலிய நாடுகளும் வர்த்தக உடன்படிக்கைகள் செய்துகொண்டன. வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்ட அந்தக் கதவின் வழியே ஜப்பானியப் பொருட்கள் ஐரோப்பாவுக்குப் பெருகத் தொடங்கின.

1862இல் லண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியில், ஜப்பானில் பிரித்தானியத் தூதுவராக இருந்த ரதர்போர்ட் அல்கொக் தாம் சேகரித்த பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். 1867இல் பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானியரே நேரடியாகப் பங்குபற்றினர். ஹென்றி சேர்னுஸ்கி என்ற செல்வந்தர் 1871 முதல் 1873 வரை ஆசிய நாடுகளில் பயணம் செய்து பெருந்தொகையான வெண்கலப் பொருட்களைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டபோது கலைஞரும் தொழிலதிபரும் திரண்டு சென்று பார்த்தனர். இந்த ஆர்வம் எவ்வளவு பரவியதென்றால், அதற்கென்றே ஒரு சொல் தேவைப்பட்டது. 1872இல் பிலிப் பர்ட்டி என்ற பிரெஞ்சு விமர்சகர் 'ஜப்போனிசம்' என்ற சொல்லை உருவாக்கினார்.

வாளை இழந்த கைகள்

ஐரோப்பா இப்படி வியந்துகொண்டிருந்த அதே வேளையில், அந்தக் கலையைப் படைத்தவர்களின் வாழ்வு பெரும் நெருக்கடியில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1868இல் மெய்ஜி மன்னரின் ஆட்சி தொடங்கியது. பழைய பிரபுக்களின் அதிகாரம் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த உலோகக் கலைஞர்கள் ஆதரவை இழந்தனர். 1876 மார்ச்சில் இன்னோர் ஆணை வந்தது. படையினர், பொலிசார் போன்றோரைத் தவிர வேறு எவரும் பொது இடத்தில் வாள் அணியக்கூடாது என்பதே அது. வாள் அணிவோர் இல்லையென்றால் வாளின் அணிகலன்களை வாங்குவோர் யார்? பாட்டனிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் வந்த ஒரு தொழில் ஓர் ஆணையோடு பொருளிழந்து நின்றது.

தொழிலைக் கைவிட்டவர்கள் பலர். மற்றவர்கள் அதே உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பூச்சாடி, சிறு பேழை, சாம்பிராணி புகைக்கும் கலசம் ஆகியவற்றைச் செய்யத் தொடங்கினர். வாள் அணிகலன்களில் புகழ்பெற்றிருந்த கனோ நட்சுவோ, புதிய அரசின் நாணயங்களுக்கு மாதிரி செதுக்கினார். பின்னர் டோக்கியோ நுண்கலைப் பாடசாலையில் உலோகக் கலை கற்பிக்கும் பேராசிரியரானார். ஷோவாமி கட்சுயொஷி தமது பிரபுவின் ஆதரவு போனபின் பூச்சாடிகளிலும் தூபக் கலசங்களிலும் தம் திறமையைக் காட்டினார். 1874இல் ஏற்றுமதிக்கென ஒரு நிறுவனம் அரசின் ஊக்கத்தோடு தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய சுசுகி சோகிச்சி செய்த, மயில்கள் நிற்கும் பெரிய வெண்கலத் தூபக் கலசம் 1878 பாரிஸ் கண்காட்சியில் பலரையும் கவர்ந்தது. இன்று அது லண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் உள்ளது.

ஐரோப்பிய வரவேற்பறைகளில் 'அழகுப் பொருள்' என்று வைக்கப்பட்டவற்றில் பல, வாழ வழி தேடிய கைகளின் உழைப்பே ஆகும்.

படத்தை எடுத்தவர்கள்

இனி ஐரோப்பியரின் பக்கம் வருவோம். எல்லாச் செல்வாக்கும் முதலில் வெளித்தோற்றத்திலேயே தொடங்கும். 1870களிலும் 1880களிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் வெள்ளி புரோச்சுகளைச் செய்து விற்றன. விசிறி, மூங்கில், சிறு பறவைகள், பூத்த கிளை, பிறைநிலா ஆகியவை அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. தேநீர்ச் சாடியின் கைபிடி மூங்கிற்கணு போல வார்க்கப்பட்டது. தட்டத்தின் ஒரு மூலையில் கொக்கு நின்றது.

இவற்றுள் அழகானவை பல உண்டு. ஆனால் அதே பழைய ஆங்கிலச் சாடியின் மேல் புதிய படம் ஒன்றை ஒட்டியது போலத் தோன்றுவனவும் பல. சீனத்தையும் ஜப்பானையும் வேறுபடுத்தி அறியாமல் இரண்டையும் கலந்தவர்களும் இருந்தனர். ஜப்பானியக் கைவினைஞர் தட்டின் முக்காற்பங்கை வெறுமையாக விட்டு ஓரத்தில் ஒரே ஒரு கிளையைச் செதுக்குவார். அந்த வெறுமையே ஆகாயமாகவும் நீராகவும் மாறிவிடும். அதைப் பார்த்து வரைந்த பலர் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, வெறுமையைக் குறை என்று நினைத்து மேலும் பத்துப் பூக்களால் நிரப்பினர்.

எனினும் இந்த வகையிலேயே சிறந்து நின்றவர்களும் இருந்தனர். நோர்விச் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தோமஸ் ஜெக்கில் அவர்களுள் ஒருவர். பார்னார்ட், பிஷப் அண்ட் பார்னார்ட்ஸ் என்ற இரும்பு வார்ப்பு நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த அடுப்பு முகப்புகளில் ஜப்பானியக் குடும்பச் சின்னங்களை ஒத்த வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று பாதி மறைந்தவாறு, சமச்சீரின்றி அமைந்திருக்கும். 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்காக அவர் ஓர் இரும்பு மண்டபத்தையே வடிவமைத்தார். அதைச் சுற்றி இரும்பில் பூத்த சூரியகாந்திகள் வேலியாக நின்றன. பிற்பாடு அம்மண்டபம் நோர்விச் நகரப் பூங்காவில் நிறுவப்பட்டு, 1949இல் அகற்றப்பட்டது. சூரியகாந்தி வேலியின் சில பகுதிகள் மட்டும் இன்றும் அந்நகரின் ஹைகாம் பூங்கா வாயிலில் எஞ்சியுள்ளன. பெருந்தொகையாக வார்க்கும் சாதாரண இரும்பும் கலைக்குத் தகுதியான உலோகமே என்ற எண்ணத்தை அது விதைத்தது.

நுட்பத்தைக் கற்றவர்கள்

இரண்டாவது வகையினர் படத்தோடு நிற்கவில்லை. 'இதை எப்படிச் செய்தார்கள்?' என்று கேட்டனர். இக்கேள்வி பிரான்சில்தான் மிகுந்த பலன் தந்தது.

செம்புத் தகட்டின்மேல் மெல்லிய உலோகக் கம்பிகளைச் சிறு அறைகளாக வளைத்து ஒட்டி, அவ்வறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் உருக்கும் எனாமல் வேலை சீனாவிலும் ஜப்பானிலும் சிறந்து விளங்கியது. பாரிஸ் பொற்கொல்லர் அலெக்சிஸ் பாலிஸும் அவரது மகன் லூசியனும் 1860களின் இறுதியிலிருந்து இம்முறையில் பதக்கங்களும் காதணிகளும் செய்தனர். எனாமல் வேலையில் தேர்ந்த அந்துவான் தார் என்பவர் அவர்களுக்குத் துணைநின்றார். இரத்தினக் கற்களின் விலையால் அன்றி, நிறத்தின் அழகால் ஒரு நகை மதிப்புப் பெறலாம் என்பதை அந்தச் சிறு பதக்கங்கள் நிரூபித்தன.

பாரிஸின் புகழ்பெற்ற கிறிஸ்டோபிள் நிறுவனத்தில் வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் எமில் ரைபர். சேர்னுஸ்கி கொண்டுவந்த வெண்கலங்களை ஆராய்ந்து அவர் புதிய பூச்சாடிகளையும் தளபாடங்களையும் வடிவமைத்தார். உளியால் குழி வெட்டி வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கும் ஜப்பானிய வேலைக்கு மிகுந்த நேரம் தேவை. கிறிஸ்டோபிள் நிறுவனமோ அமிலத்தால் உலோகத்தை அரித்து, மின்னோட்டத்தின் உதவியால் அக்குழியில் வெள்ளியைப் படியச் செய்தது. மின்முலாமிடல் என நாம் பாடத்தில் படிக்கும் அதே தத்துவம்தான். வேலை விரைவானது, விலையும் குறைந்தது. ஆயினும் கை செய்ததற்கும் மின்னோட்டம் செய்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்வர்.

இங்கிலாந்தில் வேறொரு தடை இருந்தது. வெள்ளிப் பொருட்களின் தரத்துக்கு முத்திரையிடும் சட்டம், வெள்ளியோடு செம்பு போன்ற தாழ்ந்த உலோகங்களைப் பதிப்பதற்கு இடம் கொடுக்கவில்லை. வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டமே அது. ஆனால் உலோகங்களைக் கலந்து நிறம் காட்டும் ஜப்பானிய முறைக்கு அது கதவை மூடியது. ஆகவே ஆங்கிலேயர் செதுக்கு வேலையாலும் வெவ்வேறு நிறத் தங்க முலாமாலும் அந்தச் சாயலைக் கொண்டுவர முயன்றனர். அத்தகைய சட்டம் தடுக்காத அமெரிக்காவில், நியூயோர்க்கின் டிபனி நிறுவனம் வெள்ளிச் சாடிகளில் செம்பு மீனையும் பொன்னிறத் தும்பியையும் பதித்தது. வெள்ளியின் மேல் விழுந்த சுத்தியல் தழும்புகளைத் தேய்த்து மறைக்காமல் அப்படியே விட்டது. 1878 பாரிஸ் கண்காட்சியில் அந்நிறுவனம் உயர்ந்த பரிசைப் பெற்றபோது, ஐரோப்பியத் தட்டார்கள் அந்தத் தழும்புகளைப் புதிய கண்களால் பார்த்தனர். அதுவரை குறை என்று எண்ணி மறைத்த ஒன்று, கை உழைத்ததன் அடையாளமாக மதிப்புப் பெற்றது.

நுட்பத்தைத் தேடியவர்களில் பாரிஸின் லூசியன் கயார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கலப்புலோகங்களையும் அவற்றுக்கு நிறமேற்றும் முறைகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அவர், 1900ஆம் ஆண்டளவில் ஜப்பானியக் கைவினைஞர்களையே வரவழைத்துத் தமது பட்டறையில் அமர்த்தினார். புத்தகத்தில் இல்லாத அறிவு கைகளில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

சிந்தனையை உணர்ந்தவர்

மூன்றாவது வகைக்கு ஒருவரையே உதாரணமாகக் காட்டலாம். 1834இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த கிறிஸ்டோபர் டிரெசர் தாவரவியல் கற்றவர். ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஓர் இலையைப் பார்த்தால் அதன் அழகை மட்டுமன்றி, அது ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் கேட்கப் பழகியவர் அவர்.

1862 லண்டன் கண்காட்சியிலேயே ஜப்பானியப் பொருட்களால் அவர் கவரப்பட்டார். வியன்னாக் கண்காட்சியிலிருந்து ஜப்பானுக்குப் பொருட்களை ஏற்றிச்சென்ற 'நீல்' என்ற கப்பல் 1874இல் ஜப்பானியக் கரையோரத்தில் மூழ்கியது. அந்த இழப்பை ஈடுசெய்யுமுகமாக லண்டன் நூதனசாலை அனுப்பிய அன்பளிப்புப் பொருட்களை எடுத்துச்செல்லும் வாய்ப்பு டிரெசருக்குக் கிடைத்தது. 1876 டிசம்பர் இறுதியில் ஜப்பானில் இறங்கிய அவரை மன்னரே வரவேற்றார். வாள் அணியும் தடை வந்து ஒன்பது மாதங்கள்தான் ஆகியிருந்தன. சில மாதங்கள் நாடு முழுவதும் சுற்றிப் பட்டறைகளில் அமர்ந்து வேலைமுறைகளைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். 1882இல் ஜப்பானின் கட்டடம், கலை, கைத்தொழில் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

திரும்பி வந்தபின் அவர் பர்மிங்ஹாமின் ஹூக்கின் அண்ட் ஹீத், ஷெபீல்டின் ஜேம்ஸ் டிக்சன் முதலிய நிறுவனங்களுக்காக வடிவமைத்த பொருட்களைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பலவற்றில் விசிறியும் இல்லை, கொக்கும் இல்லை, மூங்கிலும் இல்லை! சுட்ட பாண் துண்டுகளை நிறுத்தி வைக்கும் தாங்கி ஒன்று, சில நேரான கம்பிகளும் ஒரு கைபிடியுமாக மட்டுமே இருக்கும். 1879ஆம் ஆண்டளவில் அவர் வடிவமைத்த தேநீர்ச் சாடியொன்று, ஒரு சதுரத்தை மூலையில் நிறுத்தியது போலவும் அதன் நடுவே ஒரு சதுரத் துவாரத்துடனும் நிற்கிறது. கைபிடி ஒரு நேரான கருங்காலித் துண்டு. பூவேலை எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் செய்ததோ என்று எண்ணத் தோன்றும்.

அப்படியானால் இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது? வெறுமையில் இருக்கிறது. தேவையற்றதை நீக்கும் துணிவிலும், பொருளின் இயல்பை மறைக்காத நேர்மையிலும், பயன்படுத்தும் கையை நினைத்துச் செய்வதிலும் இருக்கிறது. 1873இல் வெளியிட்ட அலங்கார வடிவமைப்புப் பற்றிய நூலிலேயே, சாடியின் கைபிடியும் மூக்கும் புவியீர்ப்பு மையமும் எவ்வாறு அமைந்தால் மணிக்கட்டு நோகாமல் ஊற்றலாம் என்பதை அவர் வரைபடத்தால் விளக்கியிருந்தார். வெள்ளி விலையுயர்ந்தது, ஆதலால் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தி வடிவத்தால் வலுவூட்ட வேண்டும் என்றார். ஜப்பான் பயணம் அந்த எண்ணத்துக்கு உறுதி சேர்த்தது. மேலும், இவற்றுட் பல வெள்ளி முலாமிட்ட பொருட்களே. மின்முலாமிடலை அவர் பழைய ஆடம்பரத்தைப் போலியாகச் செய்வதற்குப் பயன்படுத்தவில்லை. நல்ல வடிவத்தைக் குறைந்த விலையில் கொடுக்கப் பயன்படுத்தினார்.

1904இல் அவர் காலமானபின் உலகம் அவரை ஏறத்தாழ மறந்தது. 1930களில் கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் அவரது பெயரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அவர் நவீன பொருள் வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

எதிர்த்திசையிலும் ஓடிய நதி

இவ்வளவையும் படிக்கும்போது ஜப்பான் கொடுத்தது, ஐரோப்பா பெற்றது என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. ஜப்பானிய எனாமல் கலையின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட நாகோயாவின் காஜி ட்சுனேகிச்சி, வெளிநாட்டு எனாமல் பாத்திரமொன்றைப் பிரித்துப் பார்த்தே அதன் இரகசியத்தைக் கற்றார். 1870களில் ஜெர்மன் இரசாயனவியலாளர் கொட்பிரீட் வாக்னர் ஜப்பானில் தங்கி, எனாமலின் பளபளப்பையும் நிறங்களையும் மேம்படுத்த உதவினார். 'நுண்கலை' என்பதைக் குறிக்க ஜப்பானியர் இன்று வழங்கும் சொல்லே 1873 வியன்னாக் கண்காட்சியையொட்டி மொழிபெயர்ப்பாக உருவானதுதான். அதற்கு முன் ஓவியம் ஒரு தட்டிலும் கைப்பணி இன்னொரு தட்டிலுமாகப் பிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

சந்தையும் கலையை மாற்றியது. ஐரோப்பியர் விரும்புகிறார்கள் என்பதற்காக ஏற்றுமதிப் பொருட்களில் பூவும் பறவையும் நெருக்கமாக நிரம்பின. வெறுமையைக் கற்பித்த நாடே வாங்குவோருக்காக வெறுமையை விட்டுக்கொடுத்தது. வயிற்றுப்பாட்டுக்காக அவ்வாறு செய்த கைவினைஞரை நாம் குறைகூற முடியாது. கலைக்கு ஆதரவு தருபவரின் இரசனை, அக்கலையின் தரத்தையும் தீர்மானிக்கிறது என்ற உண்மையை மட்டும் மனத்தில் கொள்ளலாம்.

நாம் கற்க வேண்டியது

ஷகுடோ, ஷிபுஇச்சி, மொகுமே கானே ஆகிய பெயர்கள் இன்று மேற்கு நாடுகளின் நகைத் தொழிற் கல்லூரிகளில் அப்படியே வழங்குகின்றன. ஓர் ஆணையால் அழிந்திருக்க வேண்டிய அறிவு, அதை மதித்துக் கற்றவர்களாலும் விடாமல் பற்றிநின்ற சில கைவினைஞர்களாலும் உயிர்தப்பியது.

பிறரிடமிருந்து கற்பது குறையன்று. ஆனால் கற்பதற்குப் படிகள் உண்டு. ஒரு புதிய அழகைக் காணும்போது அதன் தோற்றத்தைப் பிரதிசெய்வது முதற்படி. அது எவ்வாறு செய்யப்பட்டது என்று தேடுவது இரண்டாம் படி. அது ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்று விளங்கிக்கொள்வது மூன்றாம் படி. முதற்படியில் நின்றவர்களின் பொருட்கள் அக்கால நாகரிகத்தோடு போய்விட்டன. மூன்றாம் படியை அடைந்தவரின் தேநீர்ச் சாடி இன்றும் புதிதாக இருக்கிறது.

சித்திரப் பாடத்துக்காகப் பிற நாட்டு அலங்காரம் ஒன்றை வரையும் மாணவிக்கும், கைப்பொருள் ஒன்றை விலைபேசி வாங்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். அப்பொருளைக் கையில் எடுத்து ஒரு கணம் திருப்பிப் பாருங்கள். எடை என்ன, விலை என்ன என்ற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இதைச் செய்தவர் எதை நினைத்து இப்படிச் செய்தார்? அந்தக் கேள்விக்கு விடை தேடுபவர், தோற்றத்தைத் தாண்டி அதைச் செய்த கையின் அறிவையும் அறிந்துகொள்வார்.